லயனல் ரயிலை ஷார்ட்டிலிருந்து காப்பது: டிரான்ஸ்ஃபார்மர் முதல் என்ஜின் வரை முழு வழிகாட்டி

அமெரிக்காவின் லயனல் போன்ற மூன்று தண்டவாளப் பொம்மை மின்ரயில் ஓட்டுகிறவர்களுக்கு ஷார்ட் ஆவது புதிதில்லை. நடுத் தண்டவாளத்தில் 18 வோல்ட் ஏ.சி. ஓடுகிறது. இரண்டு ஓரத் தண்டவாளங்களும் சேர்ந்து அதன் திரும்பும் வழி. ஓ கேஜ் என்ற இந்தத் தண்டவாள அளவில் ஓரத்துக்கு ஓரம் இடைவெளி 31.75 மில்லிமீட்டர்தான், அதற்கு நட்டநடுவில் இன்னொரு தண்டவாளம். இரும்புச் சக்கரம் தடம் புரண்டு ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். பட்டென்று ஒரு நீலப் பொறி, பெட்டிகளின் விளக்கெல்லாம் மங்கும், ரயில் நிற்கும். கீழே விழுந்த ஸ்க்ரூடிரைவர், கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து உதிர்ந்த ஜிகினா இழை, குழந்தை தண்டவாளத்தில் வைத்த காசு என்று எதுவும் இதைச் செய்யும்.

"டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே பிரேக்கர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு வட்டம் போட்டிருக்கிறேன். வெளி வட்டம் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு கைப்பிடியில் 16 வோல்ட்டில் ஓடும். உள்ளே பெட்டிகளை நிறுத்தும் பாதை இன்னொரு கைப்பிடியில் 7 வோல்ட். ஒருநாள் மாலை விளக்குள்ள பயணிகள் பெட்டி ஒன்றை அந்த இரண்டு பகுதியும் சேரும் இடத்திலேயே நிறுத்திவிட்டுச் சாப்பிட மேலே போனேன். திரும்பி இறங்கும்போது படிக்கட்டிலேயே ரப்பர் கருகும் வாடை. பெட்டியைக் கையில் எடுக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. புரட்டிப் பார்த்தால், நடுத் தண்டவாளத்தில் உருண்டு மின்சாரம் எடுக்கும் முன் ரோலரையும் பின் ரோலரையும் இணைக்கும் மெல்லிய வயரின் உறை முழுக்க உருகி வழிந்திருந்தது. செம்பு வெறுமையாகத் தெரிந்தது. அதற்கு மேலே இருந்த பிளாஸ்டிக் தரை கட்டைவிரல் அளவுக்கு உப்பியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. பிரேக்கர் அசையவே இல்லை.

பிரேக்கர் பழுதாகவில்லை. அந்த மின்சாரம் பிரேக்கர் வழியாகப் போகவே இல்லை. தவறு என் வயரிங்கில். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. இந்த வழிகாட்டியில் பாதி அந்த ஒரு வாரத்தில் கற்றதுதான்.

முதலில் எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தெரிய வேண்டும்

ஷார்ட் ஆகும்போது இரண்டு தனித்தனி ஆபத்துகள் வருகின்றன. ஒன்று சூடு. தாங்கக்கூடியதைவிட அதிக ஆம்பியர் ஓடுவதால் வயர், சுருள், ரோலர் எல்லாம் வேகின்றன. இதற்கு நொடிகள் பிடிக்கும், சில சமயம் நிமிடங்கள். இதைத் தடுப்பது ஃபியூஸும் பிரேக்கரும்.

இரண்டாவது, வோல்டேஜ் துள்ளல். டிரான்ஸ்ஃபார்மர் என்பது இரும்பைச் சுற்றிய பெரிய செம்புச் சுருள். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று அறுத்தால், அது ஓட்டத்தை விடாமல் தொடரப் பார்த்து வோல்டேஜை மேலே எகிற வைக்கும். தடம் புரண்ட சக்கரம் நடுத் தண்டவாளத்தில் தொட்டும் தொடாமலும் பொறி பறக்கும்போது, ஒரு நொடிக்குள் பல தடவை இந்த அறுபடல் நடக்கிறது. 18 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போலப் பல மடங்கு, மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு வந்து போகும். ஃபியூஸ் இதைப் பார்க்கக்கூடச் செய்யாது. உருகுவதற்கு நேரம் வேண்டுமே!

1940, 50களில் வந்த என்ஜின்களுக்கு இந்தத் துள்ளல் ஒரு பொருட்டில்லை. அவற்றுக்குள் இருப்பது மோட்டார், முன்னும் பின்னும் திசை மாற்றும் இ-யூனிட் என்ற இயந்திர சுவிட்ச், ஒரு பல்ப், அவ்வளவுதான். 1990களின் நடுவில் லயனலின் டிஎம்சிசி என்ற ரிமோட் முறை வந்தபிறகு கதை மாறியது. என்ஜினுக்குள் சர்க்யூட் போர்டு, ரேடியோ ரிசீவர், சத்தம் எழுப்பும் சிப் எல்லாம் வந்து உட்கார்ந்தன. பழைய டிரான்ஸ்ஃபார்மரில் புது என்ஜினை ஓட்டுகிறவர்கள்தான் போர்டை அதிகம் இழக்கிறார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மர் தயாரானபோது காப்பாற்ற வேண்டிய சிப் எதுவும் தண்டவாளத்தில் இல்லை.

அதனால் ஃபியூஸ் போட்டுவிட்டோம் என்று நிறுத்தவும் கூடாது, துள்ளலுக்கு டையோடு போட்டுவிட்டோம் என்று ஃபியூஸை விடவும் கூடாது. இரண்டும் வேண்டும்.

படி 1: டிரான்ஸ்ஃபார்மரைச் சோதியுங்கள்

பழைய டிரான்ஸ்ஃபார்மர் கையில் கிடைத்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். முதலில் வயரை வளைத்துப் பாருங்கள். எழுபது வருட ரப்பர் பிஸ்கட் மாதிரி உடையும், முக்கியமாக டப்பாவுக்குள் நுழையும் இடத்திலும் பிளக்கின் கழுத்திலும். ஒரு கீறல் தெரிந்தாலும் வயரை மாற்றியே ஆக வேண்டும். இந்தப் பக்கம் ஓடுவது 120 வோல்ட். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் நீங்களே செய்யலாம்.

அப்புறம் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு தகட்டுக்கும் வெளியீட்டு டெர்மினல்களுக்கும் நடுவே பாருங்கள். தொடர்பே காட்டக்கூடாது. டப்பாவின் வெளியே தெரியும் உலோகத் திருகுகளுக்கும் அப்படியே. சிறிதளவு தொடர்பு காட்டினாலும் அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தாதீர்கள்.

லயனலின் இசட்டபிள்யூ மாதிரி பெரியவற்றில் கைப்பிடியைத் திருப்பும்போது உள்ளே சிறிய கார்பன் உருளைகள் சுருளின் மேல் உருண்டு வோல்டேஜை எடுக்கும். அவை தேய்ந்திருந்தால் சுருளிலேயே பொறி பறந்து செம்பு கருகும். கைப்பிடியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வெளியீட்டு வோல்டேஜைப் பாருங்கள். சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் விட்டு விட்டு வந்தால் உருளையை மாற்றுங்கள். விலை அதிகமில்லாத பாகம், பழைய ரயில் சாமான் விற்பவர்களிடம் புதிதாகவே கிடைக்கிறது.

பெயரளவு வாட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இசட்டபிள்யூ 1948இல் வந்து 1966 வரை விற்றது; பெரும்பாலானவற்றில் 275 வாட் என்று எழுதியிருக்கும். அது சுவரிலிருந்து இழுக்கும் அளவு. தண்டவாளத்துக்குத் தொடர்ந்து தர முடிவது ஏறக்குறைய 180 வாட், அதாவது 18 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர். 90 வாட் என்று எழுதிய 1033 போன்ற சிறியவற்றுக்கும் இதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 230 வோல்ட் சாக்கெட்டில் நேராகச் சொருகினால் சில நிமிடங்களில் சுருள் போய்விடும். இடையில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அது வோல்டேஜைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை மாற்றாது. குறைந்த ஹெர்ட்ஸில் இரும்பு உள்ளீடு வழக்கத்தைவிட அதிகம் சூடாகும். ஆகவே 120க்குப் பதில் 100 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுன் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

படி 2: ஃபியூஸ் எந்த வயரில் என்பதுதான் கேள்வி

என் பெட்டி எரிந்த காரணத்துக்கு வருகிறேன். என்னிடம் இருக்கும் இசட்டபிள்யூவில் ஏ, பி, சி, டி என்று நான்கு வெளியீடுகள், யு என்று ஒரு பொதுமுனை. உள்ளே இருக்கும் பிரேக்கர் யு பக்கம் இருக்கிறது. நடுத் தண்டவாளமும் ஓரத் தண்டவாளமும் ஷார்ட் ஆனால் மின்சாரம் ஏ வழியாகப் போய் யு வழியாகத் திரும்பும், பிரேக்கர் பார்க்கும், அறுக்கும். சரி.

ஏ-யும் டி-யும் ஒன்றோடொன்று இணைந்தால்? ஏ 16 வோல்ட், டி 7 வோல்ட் என்றால் நடுவே 9 வோல்ட் வித்தியாசம். அந்த மின்சாரம் ஏ வழியாக வெளியே போய், பெட்டியின் முன் ரோலர், உள் வயர், பின் ரோலர், டி என்று சுருளுக்கே திரும்பிவிடுகிறது. யு பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிரேக்கருக்கு நடக்கிறதே தெரியாது. தடுப்பது அந்த மெல்லிய வயரின் தடை மட்டும்தான், எரிவதும் அதுதான். இரண்டு ரோலர் உள்ள எந்த என்ஜினும், விளக்குள்ள எந்தப் பெட்டியும் பகுதி மாறும் ஒவ்வொரு முறையும் கணநேரம் இதைச் செய்கிறது. ஓடிக் கடந்துவிட்டால் ஆபத்து குறைவு. நடுவில் நின்றுவிட்டால் எரியும்.

தீர்வு எளிது. ஏ, பி, சி, டி ஒவ்வொன்றிலிருந்தும் புறப்படும் வயரில், டெர்மினலுக்கு அருகிலேயே, தனித்தனி ஃபியூஸோ பிரேக்கரோ போடுங்கள். யு-வில் போட்டால் போதாது.

எந்த டெர்மினல் பொதுமுனை என்பதை ஊகிக்காதீர்கள். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சிலவற்றில் எழுத்துகளின் பொருளே வேறு. டப்பாவின் மேல் தகட்டில் எந்த ஜோடிக்கு எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்து, மீட்டரிலும் பார்த்துவிட்டு வயரை இணையுங்கள்.

எதைப் போடுவது? குறைந்த செலவில் முடிக்க வேண்டுமானால் கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஆறு வழி ஃபியூஸ் பெட்டி போதும். கார் ஃபியூஸ் 32 வோல்ட் வரை தாங்கும், நம்முடையது அதற்குள் அடங்குகிறது. நிறம் பார்த்தே எடுக்கலாம்: 5 ஆம்பியர் வெளிர்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு. பெரும்பாலான வட்டங்களுக்கு 7.5 சரியாக இருக்கும். புகை விடும் என்ஜினும் பழைய பல்ப் போட்ட ஐந்தாறு பெட்டிகளும் சேர்ந்து இழுத்தால் 10. ஒற்றை மோட்டார் சிறிய என்ஜின் மட்டும் ஓடும் பாதைக்கு 5 போட்டுப் பாருங்கள். நிற்கிறது என்றால் அதுவே நல்லது.

ஃபியூஸைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 7.5 ஆம்பியர் ஃபியூஸ் 7.6 ஆம்பியரில் அறுந்துவிடாது. வேகமாக அறும் கண்ணாடி ஃபியூஸ்கூட, எழுதியிருக்கும் அளவைப் போல 1.35 மடங்கில் ஒரு மணி நேரம் வரை நிற்கலாம். இரண்டு மடங்கில்தான் 5 நொடிக்குள் அறும். பாதி ஷார்ட் எவ்வளவு ஆபத்து என்பது இதில் புரியும். முழு ஷார்ட்டை எல்லாம் பிடித்துவிடும். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு 8, 9 ஆம்பியர் இழுக்கும் ஷார்ட்தான் வீட்டில் புகை கிளப்புகிறது.

வாரம் இரண்டு தடவை தடம் புரள்கிற வீடென்றால் ஃபியூஸ் மாற்றியே அலுத்துவிடும். அவர்களுக்கு பிரேக்கர். ஆனால் வகை பார்த்து வாங்க வேண்டும். சூட்டில் வளையும் தகடு உள்ள வகை மலிவு, அது டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் அதே மந்தமான வகைதான். காந்தத்தால் அறுக்கும் வகை ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்திலேயே அறுத்துவிடும். மின்னணு பிரேக்கர் அதைவிட வேகம், சில மில்லிநொடி. புது என்ஜின் இரண்டு மூன்று வைத்திருந்தால் மின்னணு பிரேக்கருக்குச் செலவிடுவது வீணாகாது. ஒரு போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிதாகவே தொடங்குகிறவர்கள் பழைய டிரான்ஸ்ஃபார்மர் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. இப்போது வரும் 180 வாட், 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்களில் வேகமான பிரேக்கர் உள்ளேயே இருக்கிறது. எனக்குப் பழையது பிடிக்கும். ஹில்சைடில் லயனலின் பெரிய தொழிற்சாலை இருந்த ஊர்ப்பக்கம் குடியிருந்துகொண்டு அந்தக் கனத்த கறுப்பு டப்பாவை விட மனம் வராது. அதனால்தான் இவ்வளவு வேலை.

படி 3: வயர் மெலிந்தால் பிரேக்கர் இருந்தும் பயனில்லை

இதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வட்டத்தின் மறுகோடி 8 மீட்டர் என்று வையுங்கள். போக வர 16 மீட்டர். தடிமன் எண் (அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. அளவு, எண் கூடினால் வயர் மெலியும்) 22 உள்ள மெல்லிய வயருக்கு மீட்டருக்கு 0.053 ஓம் தடை, ஆக 0.85 ஓம். தண்டவாள இணைப்புகள், டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தத் தடை எல்லாம் சேர்ந்து 1.5 ஓம் என்று கொள்வோம். 18 வோல்ட்டில் முழு ஷார்ட் ஆனாலும் ஓடுவது 12 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பிரேக்கர் இதைச் சாதாரண ஓட்டம் என்றே நினைத்துக்கொள்ளும். அந்த 12 ஆம்பியர், வயருக்குள் மட்டும் 120 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும், பலகைக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில்.

அதே தூரத்துக்கு எண் 14 வயர் போட்டால் தடை 0.13 ஓம். ஷார்ட் ஆன கணமே மின்னோட்டம் பாய்ந்து ஏறும், பிரேக்கர் விழும். ஆகவே பலகைக்கு அடியில் எண் 14இல் முதுகெலும்பாக இரண்டு வயர் ஓட்டுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் எண் 16 அல்லது 18இல் சிறு கிளைகளை மேலே தண்டவாளத்துக்கு எடுங்கள். கிளை ஒரு சாணுக்கு மேல் நீள வேண்டாம். நடுத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, ஓரத்துக்குக் கறுப்பு என்று கடைசிவரை ஒரே நிறம் பிடியுங்கள். ஷார்ட் தேடும் இரவில் இந்த நிறம்தான் கைகொடுக்கும்.

தண்டவாளங்களை ஆணியாலோ ஸ்டேப்பிளாலோ அடிக்கிறவர்கள் கவனிக்க. குறுக்குக் கட்டையில் நடுத் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டைத்துண்டு மடித்து வைத்திருப்பார்கள். அதுதான் நடுவையும் ஓரத்தையும் பிரித்து வைக்கிறது. அது கிழிந்திருந்தால் அந்தத் தண்டவாளமே ஷார்ட். பழைய தண்டவாளம் வாங்கினால் ஒவ்வொரு துண்டையும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கோத்துவிட வேண்டும்.

படி 4: துள்ளலுக்கு டிவிஎஸ் டையோடு

டிவிஎஸ் என்றதும் நமக்கு வண்டிதான் நினைவுக்கு வரும். இது வேறு, மிளகைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்பு உருளை, இரு பக்கமும் கம்பி. வோல்டேஜ் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை இல்லாதது போல இருக்கும். எல்லை தாண்டினால் நானோநொடிகளில் திறந்து உபரியைத் தன் வழியாக விழுங்கிவிடும்.

நம் வேலைக்கு எல்லாரும் எடுப்பது 1.5கேஇ36சிஏ. எண்ணில் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. 1.5கே என்றால் ஒரு மில்லிநொடித் துடிப்பில் 1500 வாட் விழுங்கும். 36 என்பது அது திறக்கும் வோல்டேஜ். 18 வோல்ட் ஏ.சி. என்று நாம் சொல்வது ஆர்எம்எஸ் என்ற ஒருவகைச் சராசரிக் கணக்கு, அதன் உச்சி 25.5 வோல்ட் வரை போகும். 20 வோல்ட்டுக்கு 28. ஆக 36 என்பது அதற்குக் கொஞ்சம் மேலே, வசதியான இடம். கடைசி எழுத்துகளான சிஏ மிக முக்கியம்: இரு திசையிலும் வேலை செய்யும் வகை. வெறும் ஏ என்று முடிவதை வாங்கிவந்தால் அது ஒரு திசையில் சாதாரண டையோடு, ஏ.சி.யில் போட்ட கணமே பாதி அலையை ஷார்ட் செய்யும்.

எங்கே போடுவது? டிரான்ஸ்ஃபார்மரின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பொதுமுனைக்கும் குறுக்கே ஒன்று. ஃபியூஸைத் தாண்டி, தண்டவாளப் பக்கம் வையுங்கள். இந்த டையோடு பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகவே பழுதாகும், அப்போது ஃபியூஸ் அறுந்து சொல்லிவிடும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான்.

அதைவிட நல்லது என்ஜினுக்குள்ளேயே ஒன்று. துள்ளல் பிறப்பது தண்டவாளத்தில் எங்கோ; அதற்கும் போர்டுக்கும் நடுவே காவலாள் நிற்பதுதான் பயன். ரோலரிலிருந்து வரும் வயருக்கும் என்ஜினின் உலோகச் சட்டத்துக்கும் குறுக்கே டையோடை சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடி, மோட்டாரில் படாமல் ஒதுக்கிக் கட்டுங்கள். பத்து நிமிட வேலை. புது என்ஜின்களில் உத்தரவாதம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

எம்டிஎச் என்ற இன்னொரு கம்பெனியின் டிசிஎஸ் ரிமோட் முறையில் ஓட்டுகிறவர்கள் தண்டவாளத்தில் நேராக டையோடு போட வேண்டாம். அந்த முறையில் கட்டளை தண்டவாளத்தின் வழியாகவே போகிறது. டையோடு அதைச் சற்று மங்கச் செய்யலாம். கட்டளையைத் தண்டவாளத்தில் ஏற்றும் டிஐயூ பெட்டிக்கு முன்னால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வையுங்கள்.

படி 5: இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால்

இரண்டின் பொதுமுனைகளையும் இணைத்து, இரு கைப்பிடிகளையும் ஒரே வோல்டேஜில் வைத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதன் வெளியீட்டுக்கு மீட்டரைப் பிடியுங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் இரண்டும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. 18க்கு 36 காட்டினால் எதிர்த்தாளம். ரயில் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கடக்கும் ஒவ்வொரு முறையும் 36 வோல்ட் ஷார்ட். ஒரு பிளக்கைக் கழற்றித் திருப்பிச் சொருகினால் சரியாகிவிடும். சரியான பிறகு இரண்டு பிளக்கிலும் ஒரே பக்கம் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே தண்டவாளத்தில் சேர்ந்திருக்கும்போது ஒன்றை மட்டும் சுவரிலிருந்து பிடுங்கினால், மற்றதன் 18 வோல்ட் தண்டவாளம் வழியாகப் பிடுங்கியதற்குள் தலைகீழாகப் போய், கையில் இருக்கும் பிளக்கின் தகடுகளில் 120 வோல்ட்டாக நிற்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியாது. எல்லாவற்றையும் சுவிட்ச் உள்ள ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் சொருகி, அந்த ஒரு சுவிட்சால்தான் அணைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை விதியாகவே வையுங்கள்.

படி 6: என்ஜினுக்குள் பிறக்கும் ஷார்ட்

மேல் ஓட்டைக் கழற்றுங்கள். ஓட்டை மூடும்போது விளிம்பில் நசுங்கிய வயர்தான் முதல் குற்றவாளி. உறையில் பல் பதிந்த மாதிரி ஒரு தழும்பு தெரியும். அடுத்தது ரோலரைத் தாங்கும் தட்டு. அதற்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள காப்பு உடைந்திருந்தால் என்ஜினே ஷார்ட்.

பழைய மோட்டாரில் பிரஷ் தேய்ந்த கார்பன் தூளும் கண்டபடி விட்ட எண்ணெயும் சேர்ந்து மை மாதிரி ஒரு பசை ஆகிவிடும். பிரஷ் உரசும் செம்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அது அடைந்தால் மோட்டார் சூடாகும், சக்தி குறையும், ஆம்பியர் ஏறும். பல்குத்தும் குச்சியால் மூன்று பள்ளத்தையும் சுரண்டி எடுங்கள். உலோக ஊசி வேண்டாம், செம்பைக் கீறிவிடும். எண்ணெய் ஒரு முனைக்கு ஒரு சொட்டு போதும்.

படி 7: வேண்டுமென்றே ஷார்ட் செய்து பாருங்கள்

இத்தனையும் செய்து, சோதிக்காமல் விட்டால் செய்ததற்குப் பொருளில்லை. எல்லா என்ஜினையும் பெட்டியையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கைப்பிடியை வழக்கமாக ஓட்டும் வோல்டேஜில் வையுங்கள். பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரை நடுவுக்கும் ஓரத்துக்கும் குறுக்கே இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். பிரேக்கர் அதற்குள் விழ வேண்டும், அல்லது ஃபியூஸ் அறுந்துவிட வேண்டும். விழவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள், அந்த இடத்துக்கு இன்னொரு கிளை வயர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் செய்து பார்த்து திருப்திப்படாதீர்கள். மிகத் தொலைவில் உள்ள மூலை, தடம் பிரியும் பாயிண்டுக்கு அப்பால் உள்ள குட்டிப் பாதை, இங்கெல்லாம்தான் விழாமல் போகும். கோடை விடுமுறைக்குப் பிறகு ஒருமுறை, டிசம்பருக்கு முன் ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை நான் பார்க்கிறேன்.

படி 8: ஷார்ட் எங்கே என்று தேடுவது

பிரேக்கரை மறுபடி மறுபடி போட்டுத் தேடுவது டிரான்ஸ்ஃபார்மரை வதைப்பது. ஒரு பல்ப் போதும். காரின் பின்விளக்குக்கு வரும் 1156 பல்பை, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் தொடராக இணையுங்கள். அது 12.8 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். கைப்பிடியை 12 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். இப்போது தண்டவாளத்தில் முழு ஷார்ட் இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது. ஷார்ட் இருக்கும்வரை பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும், நீங்கள் நிதானமாகத் தேடலாம்.

முதலில் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கியதும் பல்ப் அணைகிறதோ அது குற்றவாளி. எல்லாம் எடுத்தும் எரிந்தால் தண்டவாளத்தில்தான். வட்டத்தின் பாதிக்குப் போகும் கிளைகளைக் கழற்றி, அந்தப் பாதியின் இரு எல்லையிலும் நடுத் தண்டவாளத்தின் இணைப்பூசியையும் உருவிவிடுங்கள். அணைந்தால் அந்தப் பாதியில், அணையாவிட்டால் மறுபாதியில். அதையும் பாதியாக்குங்கள். முப்பது துண்டு கொண்ட வட்டத்தில் ஐந்து தடவைக்குள் ஒற்றைத் துண்டுக்கு வந்துவிடலாம். அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் கிழிந்த கறுப்பு அட்டை, குறுக்கே சரிந்த ஆணி, அல்லது காந்தமுள்ள என்ஜின் எங்கிருந்தோ இழுத்து வந்து போட்ட ஒரு சின்னத் திருகு.